கம்பு கற்க வந்த படைவீரர்

பழைய ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்று இருக்கு. 1967-இல் வந்தது, கதை ஜப்பானில் நடக்கும். அதில் ஷான் கானரி கம்பெடுத்து மோதுகிற ஒரு காட்சி வரும். அப்பா போட்டுக் காட்டியபோது அந்தச் சண்டையை மட்டும் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு வருஷமாகச் சிலம்பக் கம்பு பிடிக்கிறவனுக்கு வேறென்ன கண்ணில் படும்?

அந்தப் படத்தின் தற்காப்புக் கலைகளைப் பார்த்துக்கொண்டவர், சில காட்சிகளில் கானரிக்குப் பதிலாக நின்றவர், டான் டிரேகர் என்ற அமெரிக்கர். யார் இந்த ஆள் என்று தேடப்போனேன். பாண்ட் படமெல்லாம் அவர் வாழ்க்கையில் ஓர் ஓரம்தான் என்று அப்புறம் தெரிந்தது.

1922-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஜுஜுட்சு, பிறகு ஜூடோ. 1943 முதல் 1956 வரை அமெரிக்க மரீன் படையில் இருந்தார். அந்தப் படை யாரோடு மோதியது? ஜப்பானோடு. பசிபிக் தீவுகளில் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகச் செத்த போர் அது. அந்தப் படையின் சீருடை போட்டிருந்தவர், அதைக் கழற்றிய பிறகு தோக்கியோவில் குடியேறி, ஜப்பானிய ஆசிரியர்கள் முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக மனசே வரவில்லை. நம்ம தாத்தா பாட்டி ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது எவ்வளவு பெரிய திருப்பம் என்று விளக்க வேண்டியதில்லை.

தோக்கியோவில் இச்சிகாயா பகுதியில் அவர் இருந்த வீடு, வெளிநாட்டு ஜூடோ வீரர்களுக்கு ஒரு மடம் மாதிரி. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற கனடாவின் டக் ரோஜர்ஸ், வெண்கலம் வென்ற அமெரிக்காவின் ஜிம் பிரெக்மன் இருவரும் அங்கே இருந்தவர்கள். பளு தூக்கினால் ஜூடோ கெட்டுப்போகும் என்று பலர் நம்பிய காலத்தில் பளுப் பயிற்சியை வலியுறுத்தியவர் டிரேகர். அதே ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இனோகுமாவும் அவரிடம் பளுப் பயிற்சி பெற்றவர்தான்.

இவ்வளவு பேர் வாங்கிய மனிதர், பதக்கமே இல்லாத ஒரு கலையில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கினார். கலையின் பெயர் ஷிந்தோ மூசோ ரியூ. ஆயுதம் 'ஜோ' எனும் கம்பு. நீளம் 128 சென்டிமீட்டர், தடிமன் 2.4 சென்டிமீட்டர், வெள்ளை ஓக் மரம். அவ்வளவுதான். பூண் கிடையாது, செதுக்கு வேலை கிடையாது. நம்ம சிலம்பக் கம்பு பக்கத்தில் வைத்தால் தம்பி மாதிரி இருக்கும்.

அதன் பிறப்புக் கதையும் நம் காதுக்குப் பழகினதுதான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூசோ கொன்னொசுகே என்ற வீரர், புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோத்தோ முசாஷியிடம் தோற்றார். அவமானத்தோடு கியூஷு தீவின் ஹோமன் மலைக்குப் போய், 37 நாள் வேண்டுதல் இருந்தார். அப்போது கிடைத்த அருளில் உருவானதே இந்தக் கம்பு முறை என்கிறது மரபு. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிற நமக்கு இது புரியாதா என்ன! பிறகு ஃபுகுவோகாவின் குரோடா பிரபுக் குடும்பம் அந்தக் கலையைத் தன் எல்லைக்குள்ளேயே பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

அதை 20ஆம் நூற்றாண்டில் தோக்கியோவுக்குக் கொண்டுவந்து போலீசாருக்கும் கற்பித்தவர் ஷிமிசு தகாஜி. 1896-இல் பிறந்தவர். அவரிடம் கம்பு கற்ற முதல் மேற்கத்தியர் என்று டிரேகரைச் சொல்வார்கள்.

எப்படிக் கற்றுக் கொடுப்பார்கள் தெரியுமா? சுதந்திர மோதல் இல்லை. இருவர் எதிரெதிரே நின்று வரையறுத்த அசைவுகளைச் செய்ய வேண்டும். ஒருவர் கையில் மரவாள், மற்றவர் கையில் கம்பு. குத்தினால் ஈட்டி, வீசினால் நீள்வாள், வெட்டினால் வாள் என்று கம்பு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு முனையும் வேலை செய்யும். நெற்றிப்பொட்டுக்கு வருகிற அடி தோலைத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஆஸ்பத்திரிதான். இதில் யார் வாள் பிடிப்பது? மூத்தவர். ஒவ்வொரு முறையும் தோற்பதும் அவர்தான். தெரிந்தவர் தோற்றுத் தோற்றுத் தெரியாதவரை வளர்க்கிறார். போன வருஷம் ஆசான் என்னைப் போட்டிக்கு அனுப்பாமல் மறுபடியும் காலடி வரிசையில் நிற்கச் சொன்னபோது ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் நான். இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

டிரேகர் அங்கேயும் நிற்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய கத்தோரி ஷிந்தோ ரியூ என்ற மரபிலும் சேர்ந்தார். அதில் சேர, விரலில் ரத்தம் எடுத்து உறுதிமொழியில் பதிக்க வேண்டும். அந்த உறுதிமொழி கத்தோரி கோயில் தெய்வத்தின் முன்னால் எடுப்பது. அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் வெளிநாட்டவர் அவர்.

எழுதவும் செய்தார். 1973, 1974 ஆண்டுகளில் வந்த அவருடைய மூன்று தொகுதி நூல்கள்தான் பல மேற்கத்தியர்களுக்கு ஜப்பானியப் பழைய கலைகளின் வாசல். போர்க்கலை வேறு, மனத்தைப் பண்படுத்தும் கலை வேறு என்று அவர் போட்ட கோடு ரொம்பக் கறாரானது. பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. எனக்கும் அந்தக் கோடு சரியாகப் படவில்லை. ஒரே கம்பு இரண்டையும் செய்யாதா?

இந்தோனேசிய ஆயுதங்கள், சிலாட் என்று நம் வட்டாரத்தையும் சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார். 1970களின் பிற்பகுதியில் ஹவாயிலும் நம் மலேசியாவிலும் அவர் நடத்திய வகுப்புகளின் உரைகள் பின்னர் அச்சிலும் வந்தன. சுமத்ராவின் ஆச்சே பகுதிக்குப் போன ஒரு பயணத்தில் குழு முழுவதும் நோயில் விழுந்தது. யாரோ விஷம் வைத்தார்கள் என்ற பேச்சும் உண்டு. அதன் பிறகு அவர் உடம்பு தேறவே இல்லை. புற்றுநோயும் சேர்ந்துகொள்ள, 1982 அக்டோபர் 20-இல் பிறந்த ஊரான மில்வாக்கியிலேயே காலமானார். வயது 60. ஆசிரியர் ஷிமிசு அதற்கு நாலு வருஷம் முன்பே போய்விட்டார்.

அந்தத் தலைமுறையில் ஜப்பானில் கம்பு பிடித்த மேற்கத்தியர்களில் பாஸ்கல் கிரீகர் சுவிட்சர்லாந்துக்கும், ஃபில் ரெல்னிக் அமெரிக்காவுக்கும் திரும்பிப் போய் வகுப்பு நடத்தினார்கள். அங்கேயும் மூத்தவர் கையில் மரவாள். புதிதாக வந்த பையன் கையில் 128 சென்டிமீட்டர் கம்பு.