70 சிகரெட்டை விட்ட ரத்தக்குழாய் டாக்டர்: யார் இந்த தாமஸ் லூயிஸ்?

கையில் பட்டையை இறுக்கி, ரத்த ஓட்டத்தை சில நிமிஷம் நிறுத்திட்டு விட்டா என்ன ஆகும்? தோல் சட்டுனு சிவக்கும். பட்டினி கிடந்த நுண் ரத்தக்குழாய்கள் விரிஞ்சு, ரத்தம் பாய்வதுதான் காரணம்.

இதை அலசி ஆராய்ந்தவர் தாமஸ் லூயிஸ். 1881-ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். லண்டனில் ஈ.சி.ஜி. ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய பிறகு, தோலின் ரத்தக்குழாய்கள் பக்கம் திரும்பினார். 1927-ல் அதுபற்றி புத்தகமே எழுதினார்.

அதே ஆண்டு, 45 வயதில் அவருக்கே மாரடைப்பு! தினமும் 70 சிகரெட் பிடித்தவர், அடியோடு விட்டார். புகை ரத்தக்குழாயைக் கெடுக்கும் என்பதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்ட சிலரில் அவரும் ஒருவர்.

அதன்பின் 18 ஆண்டுகள் வாழ்ந்து, 1945-ல் இதயநோயால் இறந்தார்.

கத்தி வைக்காமல் நுண் ரத்தக்குழாயைச் சோதிக்க, இன்றும் பட்டையை இறுக்கி விட்டுத்தான் பார்க்கிறார்கள். சிவப்பைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதில், லேசர் கருவி அளக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.