மூளைக்குள் மனத்தைத் தேடிய மருத்துவர்

அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1891ஆம் ஆண்டு பிறந்தவர் வைல்டர் பென்ஃபீல்டு. பிரின்ஸ்டனில் பயின்றபின் ஆக்ஸ்போர்டு சென்று, நரம்பியல் பேரறிஞர் ஷெரிங்டனிடம் மாணவராக அமர்ந்தார். மூளையை முழுதும் அறிந்தால் மனத்தையும் விளக்கிவிடலாம் என்னும் நம்பிக்கையே அவர்தம் நீண்ட ஆய்வுக்கு அடிப்படையாயிற்று.

1928இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் குடியேறினார். அவ்வாண்டே பெருஞ்சோதனை ஒன்று வந்தது. தமக்கை ரூத்தின் மூளையில் பெரிய கட்டி இருப்பது தெரிந்தது. தம் கையாலேயே அறுவை செய்து, மூளையின் முன்பகுதியில் பெரும்பங்கை அகற்றினார். ரூத்தின் பேச்சும் நினைவும் அன்பும் மாறவில்லை. ஆனால் பின்னொரு நாள் தம்பிக்கு விருந்து சமைக்க முற்பட்டவர், எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்று வகைப்படுத்த இயலாமல் அடுக்களையில் கலங்கி நின்றார். 1931இல் அவர் மறைந்தார். மூளை குறைந்தால் மனத்தின் திறனும் குறையும் என்பதைப் பென்ஃபீல்டு தம் குடும்பத்திலேயே கண்டார்.

1934இல் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மான்ட்ரியால் நரம்பியல் நிலையத்தை நிறுவினார். வலிப்பு நோயாளர்க்கு அங்கே அறுவை செய்தார். மூளைக்கு வலியுணர்வு இல்லை; ஆதலின் தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளர் விழித்திருக்கும்போதே மெல்லிய மின்னோட்டத்தால் மூளையைத் தொட்டு ஆராய்ந்தார். ஓரிடத்தைத் தொட்டால் கை அசைந்தது. வேறோரிடத்தைத் தொட்டால் பேச்சு நின்றது. நெற்றிப்பொட்டின் உட்பகுதியைத் தொட்டபோது சிலர் என்றோ கேட்ட இசையை மீண்டும் கேட்டனர்.

ஆயினும் கை அசைந்தபோது, அதைத் தாம் அசைக்கவில்லை, மருத்துவரே அசைத்தார் என்று நோயாளர் உணர்ந்தனர். அசைவை எழுப்பிய மின்சாரம் அசைக்கும் எண்ணத்தை எழுப்பவில்லை. இதனை நெடுங்காலம் சிந்தித்த பென்ஃபீல்டு, 1975இல் வெளிவந்த தம் நூலில், மனத்தை மூளையின் செயலாக மட்டும் கொள்வதினும் தனிப்பொருளாகக் கொள்வதே தமக்கு ஏற்புடையது என எழுதினார். அதனை நிறுவப்பெற்ற உண்மையென அவர் கூறவில்லை. 1976இல் மறைந்தார்.

2009இல் பிரெஞ்சு ஆய்வாளர் சிலர் மூளையின் வேறொரு பகுதியை மின்னோட்டத்தால் தூண்டியபோது, கையை அசைக்கும் விருப்பமே தோன்றியதாக நோயாளர் தெரிவித்தனர். பென்ஃபீல்டின் வாதத்துக்கு இருந்த தூண் ஒன்று இதனால் தளர்ந்தது. எனினும் சடப்பொருளின் இயக்கம் எங்ஙனம் உணர்வாகிறது என்பது இன்றும் விளங்கவில்லை.

அறிதலும் காண்டலுமே உயிரின் இலக்கணம் எனக் கொள்ளும் நமக்கு அம்மருத்துவரின் முடிவு உவப்பளிக்கலாம். அதனைச் சான்றாக எடுத்துக்காட்டுமுன், அவர் காத்த நிதானத்தையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நன்று.