சிவப்புப் புள்ளியைக் குஞ்சு ஏன் கொத்துது? கடற்காகங்களிடம் கேள்வி கேட்டு நோபல் வாங்கிய நிக்கோ டின்பெர்கன்!

கடற்காகக் குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வந்து சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அம்மாவோ அப்பாவோ தலையைக் குனிந்ததும், அந்த மஞ்சள் அலகில் இருக்கும் சிவப்புப் புள்ளியைக் குறிவைத்துக் கொத்தும். உடனே பெரிய பறவை, விழுங்கி வைத்திருந்த மீனைக் கக்கிக் கொடுக்கும். குஞ்சுக்கு முதல் சாப்பாடு ரெடி!

இதை நாம பார்த்தா, க்யூட்டா இருக்குன்னு சொல்லிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம். டின்பெர்கன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் அந்தப் புள்ளி, ஏன் சிவப்பு, குஞ்சுக்கு அது எப்படித் தெரியும்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனவர்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்.

கிளாஸ்ல சுமார், வெளியே சூப்பர்

1907 ஏப்ரல் 15-ல், நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தார் நிக்கோ. அப்பா பள்ளி ஆசிரியர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூன்றாவது. படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. ஹாக்கி, கேமரா, கடற்கரை மணல்மேடுகளில் பறவை பார்ப்பது... இதுதான் அவர் உலகம்.

பள்ளி முடித்ததும் 1925-ல், பால்டிக் கடலோரம் ரோசிட்டன் என்ற ஊரில் இருந்த பறவை ஆராய்ச்சி நிலையத்தில் சில மாதங்கள் தங்கினார். வலசைப் பறவைகளைப் பார்த்த பிறகுதான் உயிரியல் படிக்கலாம் என்று முடிவு செய்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 1932-ல் தேனீயை வேட்டையாடும் ஒரு குளவியைப் பற்றி டாக்டர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். மொத்தமே 32 பக்கம்! அதே வருஷம் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, கிரீன்லாந்துக்குக் கிளம்பினார். இன்யூட் மக்களோடு ஒரு வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தபடி, அங்கேயும் பறவைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டைத் தலை, பெயின்ட் புள்ளி

சிவப்புப் புள்ளிக்கு வருவோம். ஹெர்ரிங் கடற்காகங்கள் கூட்டமாக முட்டையிடும் இடத்தில், மாணவர்களோடு அவர் செய்த சோதனைக்குப் பெரிய லேப் எதுவும் தேவைப்படவில்லை. அட்டையில் கடற்காகத்தின் தலையை வெட்டி, அலகில் விதவிதமான நிறங்களில் புள்ளி வைத்து, புதிதாகப் பொரிந்த குஞ்சுகளின் முன்னால் நீட்டினார்கள். எதை எத்தனை முறை கொத்துகிறது என்று எண்ணினார்கள். அவ்வளவுதான்.

தலையின் நிறத்தை மாற்றினாலும் குஞ்சு கண்டுகொள்ளவே இல்லை. புள்ளியை எடுத்துவிட்டால் கொத்துவது குறைந்தது. பிறகு, முனையில் வெள்ளை வளையங்கள் போட்ட ஒல்லியான சிவப்புக் குச்சி ஒன்றை நீட்டினார்கள். பார்க்கப் பறவை மாதிரியே இருக்காது. ஆனால், நிஜத் தலையை அச்சு அசலாகச் செய்த மாதிரியைவிட அந்தக் குச்சியைத்தான் குஞ்சுகள் அதிகம் கொத்தின! குஞ்சு தேடுவது அம்மாவின் முகத்தை அல்ல, ஒல்லியான, சிவப்பான, பளிச்சென்று தெரிகிற ஏதோ ஒன்றை. அந்த அடையாளங்களை மிகைப்படுத்திக் காட்டினால், போலி நிஜத்தையே ஜெயித்துவிடும். நம்மைத் தூண்டில் போட்டு இழுக்கும் பல விஷயங்களுக்கும் இது பொருந்தும், இல்லையா?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. லைடனில் யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து தூக்கினார்கள். பல்கலைக்கழகத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். பேராசிரியர்கள் பலர் எதிர்த்து ராஜினாமா செய்தார்கள். டின்பெர்கனும் அவர்களோடு நின்றார். வீட்டில் மனைவி, சின்னக் குழந்தைகள். பேசாமல் பறவை பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை.

1942 செப்டம்பரில் அவரைக் கைது செய்து, சின்ட் மிகில்ஸ்கெஸ்டல் என்ற ஊரில் இருந்த முகாமில் அடைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் பிணைக் கைதிகள். வெளியே யாராவது ஜெர்மன் படையைத் தாக்கினால், உள்ளே இருப்பவர்களின் உயிர் போகலாம். இவர் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், பிணைக் கைதிகளில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தப் பயத்துக்கு நடுவே இரண்டு வருஷம். அங்கிருந்தபடியே தன் குழந்தைகளுக்காக ஒரு கடற்காகத்தின் கதையை எழுதி, படமும் வரைந்து அனுப்பினார். பின்னாளில் அது புத்தகமாகவும் வந்தது.

இதில் இன்னொரு வலியும் இருந்தது. அவருடைய நெருங்கிய நண்பர், ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ். 1937-ல் இருவரும் சேர்ந்து வாத்துகளை ஆராய்ந்தவர்கள். அடுத்த வருஷமே லோரன்ஸ் நாஜிக் கட்சியில் சேர்ந்துவிட்டார். போருக்குப் பிறகு, 1949-ல்தான் இருவரும் இங்கிலாந்தில் மறுபடி சந்தித்தார்கள். நட்பு மெதுவாகத்தான் ஒட்டியது.

உடைந்த ஓட்டைத் தூக்கிப் போவது ஏன்?

அதே 1949-ல், லைடனில் இருந்த முழுப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, அதைவிடச் சின்ன வேலைக்கு ஆக்ஸ்ஃபோர்டு போனார். வசந்தகாலம் வந்தால் மாணவர்களோடு கூடாரம் போட்டுக் கடற்கரையில் தங்கிவிடுவார். இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் மணல்மேடுகளில் அவர் கண்ணில் பட்டது, ரொம்பச் சாதாரணமான ஒரு விஷயம். குஞ்சு பொரிந்ததும், கருந்தலைக் கடற்காகம் உடைந்த முட்டை ஓட்டை அலகில் தூக்கிப் போய் தூரத்தில் போட்டுவிடும். (இந்தப் பறவை குளிர்காலத்தில் நம்ம நாட்டுக் கடற்கரைகளுக்கும் வரும்.)

சுத்தம் பார்க்கிறதோ? டின்பெர்கனுக்கு வேறொரு சந்தேகம். முட்டையின் வெளிப்பக்கம் மண் நிறத்தில் புள்ளி போட்டு மறைந்துகொள்ளும். உடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் வெள்ளை பளிச்சென்று தெரியும். இரை தேடும் காகத்துக்கு அதுவே சிக்னல் ஆகிவிடாதா? முட்டைகளைத் திறந்தவெளியில் வைத்து, பக்கத்தில் உடைந்த ஓடுகளை வெவ்வேறு தூரத்தில் போட்டு, மறைந்திருந்து பார்த்தார்கள். ஓடு எவ்வளவு பக்கத்தில் இருந்ததோ, அவ்வளவு அதிகமாக முட்டைகள் திருடுபோயின.

அப்போ பொரிந்த அடுத்த நொடியே ஓட்டை எடுத்துப் போக வேண்டியதுதானே? கடற்காகம் அப்படிச் செய்யாது, கொஞ்சம் காத்திருக்கும். ஏன் தெரியுமா? கூட்டை விட்டு நகர்ந்தால், ஈரக் குஞ்சைப் பக்கத்துக் கூட்டுக் கடற்காகமே விழுங்கிவிடும்! ரோமம் காய்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டால் விழுங்குவது கஷ்டம். காகமா, பக்கத்து வீடா... இரண்டு ஆபத்துக்கும் நடுவில்தான் அந்தக் காத்திருப்பு. ஆனால், செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் கிட்டிவேக் என்ற கடற்காகம் ஓட்டை எடுத்துப் போடுவதே இல்லை. அங்கே திருடர்கள் எளிதில் வர முடியாதே! அந்தப் பறவையை ஆராய்ந்தவர் அவருடைய மாணவி எஸ்தர் கல்லன்.

தம்பி பார்த்த மறுபக்கம்

நிக்கோவின் தம்பி லூக்கும் பறவை விஞ்ஞானிதான். அண்ணன், முட்டை எப்படி ஒளிகிறது என்று பார்த்தார். தம்பி, ஒளிந்திருக்கும் இரையைப் பறவை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார். ஒரு வகைப் புழுவைச் சில முறை சாப்பிட்டுப் பழகியதும், அதன் உருவம் பறவையின் மனதில் பதிந்துவிடும், பிறகு அதையே சுலபமாகத் தேடிப் பிடிக்கும் என்பது அவர் கருத்து. அது அச்சில் வந்தது 1960-ல். அதைப் பார்க்க லூக் இல்லை. 1955-லேயே, 40 வயது நிறைவதற்குள் இறந்துவிட்டார். நிக்கோவும் அவ்வப்போது மன அழுத்தத்தில் தவித்தவர். வேலையே செய்ய முடியாத நாள்கள் அவருக்கும் இருந்தன.

நாலே கேள்வி

1963-ல் தன் வாழ்நாள் வேலையை நான்கு கேள்விகளாகச் சுருக்கினார். ஒரு விலங்கு ஒன்றைச் செய்தால்... அதை அந்த நேரத்தில் தூண்டுவது எது? குட்டியிலிருந்து அது எப்படி வளர்ந்து வந்தது? உயிர் பிழைக்க அதனால் என்ன லாபம்? தலைமுறை தலைமுறையாக அது எப்படி உருவானது? விலங்குகளின் நடத்தையைப் படிக்கப் போகும் மாணவர்களுக்கு இன்றும் இதுதான் அடிப்படைப் பாடம்.

1973-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை லோரன்ஸ், கார்ல் வான் ஃப்ரிஷ் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார். அண்ணன் யான் டின்பெர்கன் 1969-லேயே பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியிருந்தார்! நிக்கோவும் எலிசபெத்தும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். அதில் அவர்கள் சொன்ன முடிவுகளைப் பின்னாளில் மருத்துவ உலகம் ஏற்கவில்லை. கடற்காகங்களிடம் கண்டுபிடித்தவை நிலைத்தன.

1988 டிசம்பர் 21-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அட்டை, பெயின்ட், ஒரு கூடாரம், எண்ணி எழுத ஒரு நோட்டு... கடற்காகங்களிடம் அவர் கண்டுபிடித்ததில் பாதிக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. உங்கள் மொட்டைமாடிக்கு வரும் காக்காவிடமும் அந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தால் போதும்.