வினூ மன்காட்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது மட்டுமன்று. உள்ளத்திற்குப் பொறுமையையும் உறுதியையும் ஊட்டுவதும் ஆகும். இவ்வுண்மையைத் தம் ஆட்டத்தால் விளக்கிக் காட்டியவருள் வினூ மன்காட் சிறந்தவர்.

இவர் குசராத்தைச் சேர்ந்த ஜாம்நகரில் 1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் பிறந்தார். மூல்வந்தராய் என்பது இவருடைய இயற்பெயர். கிரிக்கெட் ஆட்டத்தில் உலகப் புகழ் எய்திய இரஞ்சித்சிங்ஜி மன்னராய் வீற்றிருந்த ஊர் அது. அத்தகைய ஊரிற் பிறந்த மன்காட், இடக்கையால் பந்தை மெல்லச் சுழற்றி வீசும் கலையில் தேர்ந்தார். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் கையில் களிமண் இசைந்து கொடுப்பது போல, இவர் விரல்களுக்குப் பந்து இசைந்தது. மட்டை பிடித்து ஆடுவதிலும் இவர் வல்லவர்.

இந்திய அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஆடிற்று. அதன்பின் இருபதாண்டுகள் உருண்டோடின. ஒரு டெஸ்ட் ஆட்டத்திலேனும் வெற்றி கிட்டிற்றில்லை. 1951ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியாவிற்கு வந்தது. முதல் மூன்று ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. கான்பூரில் நடந்த நான்காம் ஆட்டத்தில் இந்தியா தோற்றது. எஞ்சியிருந்தது சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெறவிருந்த ஆட்டம் ஒன்றே.

1952ஆம் ஆண்டு பிப்பிரவரி 6ஆம் நாள் அவ்வாட்டம் தொடங்கியது. அன்றே ஆங்கில மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்த செய்தி வந்தமையால், மறுநாள் ஆட்டம் நடைபெறவில்லை. முதலில் ஆடிய இங்கிலாந்து அணி 266 ஓட்டங்களே எடுத்தது. மன்காட் 55 ஓட்டங்களே கொடுத்து எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். மெல்ல மிதந்து வரும் அவர் பந்தை அடிக்க விழைந்து ஆட்டக்காரர் கோட்டைக் கடந்து முன்னே வருவர். பந்தோ தரையிற் பட்டு விலகிச் செல்லும். விக்கெட் காப்பாளர் சென் அதனைப் பற்றி நொடிப்பொழுதில் குச்சிகளைத் தட்டிவிடுவார். இவ்வாறு நால்வர் ஆட்டமிழந்தனர்.

பின்னர் இந்தியா ஒன்பது விக்கெட்டுகளை இழந்து 457 ஓட்டங்கள் குவித்தது. பங்கஜ் ராயும் உம்ரிகரும் நூறு கடந்தனர். மீண்டும் ஆடிய இங்கிலாந்தை மன்காட்டும் குலாம் அகமதும் நந்நான்கு விக்கெட்டுகள் கொய்து 183 ஓட்டங்களில் அடக்கினர். பிப்பிரவரி 10ஆம் நாள் இந்தியா ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் மிகுதியாகப் பெற்று வென்றது. டெஸ்ட் ஆட்டத்தில் நம் நாடு கண்ட முதல் வெற்றி இதுவே.

அவ்வாண்டிலேயே இலார்ட்சு மைதானத்தில் மன்காட் 72, 184 எனும் ஓட்டங்கள் எடுத்தார். ஐந்து விக்கெட்டுகளும் வீழ்த்தினார். ஆயினும் இந்தியா தோற்றது. தோல்வியிலும் அவர் உழைப்புக் குன்றவில்லை. 1956இல் சென்னையில் பங்கஜ் ராயுடன் இணைந்து முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார். அவ்வருஞ்செயலை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் எவரும் விஞ்சவில்லை.

1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் மன்காட் மறைந்தார். வெற்றி ஒரு நாளில் வருவதன்று. பல்லாண்டுப் பயிற்சியின் பயனாய் வருவது. வெற்றியிற் செருக்காமலும் தோல்வியிற் சோராமலும் உழைத்தலே ஆட்டத்திற்கும் வாழ்விற்கும் உரிய நெறி என்பதை மாணவர் உள்ளத்திற் கொள்வாராக.