பட்டம் பதவியை விட பாட்டே பெரிசு: குற்றாலத்தில் கம்பனை விருந்து வைத்த தென்காசி டி.கே.சி.!

தென்காசி: சீசன் வந்துட்டா குற்றாலத்துக்கு கூட்டம் அலைமோதும். மெயின் அருவி, ஐந்தருவின்னு குளிச்சிட்டு, சிப்ஸ் பாக்கெட்டோட பஸ் ஏறிடுவோம். ஆனா ஒரு காலத்துல ராஜாஜி, கல்கி மாதிரி பெரிய தலைகள் குற்றாலத்துக்கு வந்தது அருவிக்காக மட்டும் இல்லை. இங்கே இருந்த ஒரு மனுஷனுக்காகவும்தான். அவர்தான் ரசிகமணி டி.கே.சி. என்கிற டி.கே.சிதம்பரநாத முதலியார்.

அப்பா தீத்தாரப்ப முதலியார். டி.கே.சி. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆனாலும் சொந்த ஊர், வளர்ந்த ஊர் எல்லாம் தென்காசிதான். சென்னை கிறிஸ்தவ கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பிறகு சட்டம் படித்து நெல்லையில் வக்கீல் ஆனார். கறுப்பு கோட்டு போட்டாலும் மனசு முழுக்க தமிழ் பாட்டு மேலேதான். கேஸ் கட்டை விட கம்பராமாயணத்தை புரட்டிய நேரம்தான் அதிகம்.

பதவி தேடி வந்தது

1927-ல் சென்னை மாகாண சட்டமேலவை உறுப்பினர் ஆனார். 1930-ல் இன்னொரு பெரிய பொறுப்பு வந்தது. இந்து அறநிலைய வாரியத்தின் கமிஷனர் பதவி. 1935 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

இன்றைய அறநிலையத்துறை அப்போது கிடையாது. அது 1951 சட்டத்துக்கு பிறகு வந்தது. அதற்கு முன்பு வாரியம்தான் கோயில்களை கவனித்தது. கோயில் நிலம், குத்தகை வரவு, அறங்காவலர்களின் கணக்கு வழக்கு எல்லாம் வாரியத்தின் பார்வைக்கு வரும். சாமி சொத்து யார் கைக்கும் போயிடாமல் பார்க்கிற வேலை.

தென்காசிக்காரருக்கு இந்த வேலை வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. காசி விஸ்வநாதர் கோயிலை கட்டிய பராக்கிரம பாண்டியன், கல்வெட்டிலேயே ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இந்த கோயிலில் குறை வந்தால் அதை சரி செய்கிறவர்கள் காலில் விழுந்து வணங்குவதாக மன்னனே எழுதி வைத்தான். அந்த கோயில் நிழலில் வளர்ந்த பிள்ளைதான், பின்னாளில் மாகாணத்து கோயில்களை கவனிக்கும் அதிகாரி ஆனார்.

வட்டத்தொட்டி

பதவியில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாரையும் ஊர் ஞாபகம் வச்சிருக்கா? டி.கே.சி. பேர் நிலைத்தது அரசாங்க உத்தரவால் இல்லை. சம்பளமே இல்லாமல் அவர் வீட்டில் செய்த வேலையால்.

நெல்லை வண்ணாரப்பேட்டையில் இருந்த அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நண்பர்கள் கூடுவார்கள். அந்த கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பேர். கட்டணம் இல்லை, மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை. பாட்டை சொல்வது, ரசிப்பது, அவ்வளவுதான். பின்னாளில் ஐகோர்ட் நீதிபதியான மகராஜன், கலெக்டராக உயர்ந்த தொ.மு.பாஸ்கர தொண்டைமான், பேராசிரியர் அ.சீனிவாச ராகவன் எல்லாம் அந்த வட்டத்தில் இருந்தவர்கள்தான்.

கமிஷனர் வேலை முடிந்த பிறகு, கடைசி காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கினார். வட்டத்தொட்டியும் அவரோடு மலையடிவாரத்துக்கே வந்த மாதிரி ஆனது. வந்தவர்களுக்கு முதலில் வயிறு நிறைய சாப்பாடு. அப்புறம் காது நிறைய கம்பன்.

எட்டாங்கிளாஸ் விவசாயியும் வரலாம்

அந்த வீட்டு வாசலில் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்தில் இருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருத்தர் கு.அழகிரிசாமி. இன்னொருத்தர் கி.ராஜநாராயணன். கி.ரா. எட்டாங்கிளாசை தாண்டாத விவசாயி. ராஜாஜி உட்கார்ந்த அதே வீட்டில் அவரும் உட்கார்ந்து பாட்டு கேட்டார். இந்த இருவருமே பின்னாளில் சாகித்ய அகாடமி விருது வாங்கிய எழுத்தாளர்கள்.

தமிழ் பாட்டு என்றாலே பண்டிதருக்குத்தான் புரியும் என்று நினைத்த காலம் அது. டி.கே.சி. அதை உடைத்தார். பதவுரை, பொழிப்புரை என்று இழுக்க மாட்டார். பாட்டை நிறுத்தி நிதானமாக, தாளத்தோடு திரும்ப திரும்ப சொல்வார். கேட்கிறவனுக்கு தானா அர்த்தம் பிடிபடும்.

நாகர்கோவில் பக்கத்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாட்டுகளை ஊர் ஊராக கொண்டு போனதில் இவருக்கு பெரிய பங்கு உண்டு. 1939-ல் காரைக்குடியில் சா.கணேசன் கம்பன் கழகம் தொடங்கியபோது முதல் விழாவுக்கு தலைமை தாங்கியவர் இவரே. கச்சேரி மேடைகளில் தெலுங்கு கீர்த்தனைகளே அதிகம் ஒலித்த 1940-களில், தமிழ் பாட்டும் பாடணும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்திலும் முன்வரிசையில் நின்றார்.

எதிர்ப்பும், சோகமும்

எல்லாரும் கைதட்டவில்லை. கம்பராமாயணத்தில் பிறர் சேர்த்த பாட்டுகள் நிறைய இருக்கிறது என்று சொல்லி, தனக்கு கம்பன் பாட்டு என்று பட்டதை மட்டும் எடுத்து 'கம்பர் தரும் இராமாயணம்' என்று பதிப்பித்தார். ஏட்டுச்சுவடி ஆதாரம் இல்லாமல் பாட்டை எப்படி தள்ளலாம் என்று புலவர்கள் கொதித்தார்கள். அந்த கேள்வியில் நியாயமும் இருந்தது. ஆனாலும் டி.கே.சி. அசரவில்லை.

சொந்த வாழ்க்கையிலும் பெரிய அடி விழுந்தது. மகன் தீத்தாரப்பன் இளம் வயதிலேயே இறந்து போனார். அந்த துக்கத்துக்கு பிறகும் வீட்டு வாசலை அவர் அடைக்கவில்லை. நண்பர்களுக்கு கடிதம் எழுதுவதையும் விடவில்லை. அந்த கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன.

1954 பிப்ரவரி 16-ந் தேதி குற்றாலத்தில் டி.கே.சி. காலமானார். அப்போது 70 வயதை தாண்டியிருந்தார். பக்கத்து செங்கோட்டை கூட அன்றைக்கு தமிழ்நாட்டில் இல்லை. 1956-ல்தான் வந்து சேர்ந்தது. நெல்லையில் இருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-ல்.

மாவட்டம் புதுசு. ஆனா இந்த மண்ணின் பெருமை பழசு. சட்டமேலவை, கமிஷனர் பதவி எல்லாம் சில வருஷத்தில் முடிந்தது. கம்பன் பாட்டு படிக்காதவனுக்கும் சொந்தம் என்று அவர் காட்டியது மட்டும் இன்னும் நிற்கிறது. அடுத்த சீசனுக்கு குற்றாலம் போறவங்க, தலை துவட்டுற நேரத்துல பிள்ளைகளுக்கு இந்த தென்காசிக்காரர் கதையையும் சொல்லலாம்.