கடவுள் தந்த அதிகாரமா, மக்கள் போட்ட ஒப்பந்தமா? தாமஸ் ஹாப்ஸ் மாட்டிக்கொண்ட கதை

1588 ஏப்ரல் 5. ஸ்பெயின் கப்பற்படை தாக்க வருகிறது என்று இங்கிலாந்து முழுக்க வதந்தி. அந்தப் பயத்திலேயே மால்ம்ஸ்பரி என்ற ஊரில் ஒரு கர்ப்பிணிக்குக் குறைமாதத்தில் பிரசவமாகிவிட்டது என்பார்கள். பிறந்த பிள்ளைதான் தாமஸ் ஹாப்ஸ்.

அப்பா பாதிரியார். ஆனால் மகா கோபக்காரர். இன்னொரு பாதிரியாரோடு அடிதடியில் இறங்கிவிட்டு ஊரைவிட்டே ஓடிப்போனார். கையுறை வியாபாரம் செய்த அப்பாவின் சகோதரர்தான் பையனைப் படிக்கவைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு முடித்ததும் கேவண்டிஷ் என்ற பிரபு குடும்பத்தில் ஆசிரியர் வேலை. ஏறக்குறைய ஆயுள் முழுக்க அந்த வீட்டு ஆதரவில்தான் இருந்தார்.

நாற்பது வயதில் யாரோ ஒருவர் வீட்டில் திறந்து கிடந்த யூக்ளிட் புத்தகத்தைப் பார்த்தாராம். ஒரு படியை ஒத்துக்கொண்டால் அடுத்த படியை மறுக்கவே முடியாத அந்த முறை அவரைப் பிடித்துக்கொண்டது. அரசியலையும் இப்படி நிரூபித்தால் என்ன? (வட்டத்தைச் சதுரமாக்கிக் காட்டுகிறேன் என்று பின்னாளில் கணக்கு வாத்தியார்களோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டுத் தோற்றது தனிக் கதை.)

1640-ல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மோதல் முற்றியது. மன்னர் பக்கம் எழுதியிருந்த ஹாப்ஸ் பாரிஸுக்குத் தப்பினார். 11 வருஷம் அங்கேதான். நாடுவிட்டு வந்த இளவரசர் சார்லஸுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். ஊரில் உள்நாட்டுப் போர். 1649-ல் மன்னரின் தலையே வெட்டப்பட்டது.

இந்த ரத்தத்துக்கு நடுவில் எழுதியதுதான் 1651-ல் வந்த ‘லெவியதன்’. அரசே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விதைத்ததை ராத்திரியோடு ராத்திரியாக எவனாவது அறுத்துக்கிட்டுப் போகலாம்னா, யார் விதைப்பார்கள்? எவ்வளவு பலசாலியும் தூங்கித்தானே ஆகணும்? அதனால் எல்லோரும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, அதிகாரத்தை ஒருவரிடமோ ஒரு சபையிடமோ ஒப்படைக்கிறார்கள். ஒப்பந்தத்தை மீறுவதுதான் அநீதி. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் நியாயம், அநியாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கேதான் சிக்கல். ஒப்பந்தம் மக்களுக்குள்; ஆள்பவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. அப்போ அவர் என்ன செய்தாலும் அநீதி ஆகாது! ஹாப்ஸ் சொன்னதிலேயே ஆபத்தான இடம் இதுதான். பின்னால் வந்த ஜான் லாக், ஆள்பவரும் நம்பிக்கை மோசடி செய்யலாம், செய்தால் தூக்கி எறியலாம் என்று வாதாடினார்.

ஆனால் ஹாப்ஸும் ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார். உயிரைக் காப்பாற்றத்தானே ஒப்பந்தம்? ஆகவே மரண தண்டனை பெற்றவன்கூட தன்னைக் கொல்ல வருபவரை எதிர்க்கலாம். ஆள்பவரால் பாதுகாப்பு தர முடியாமல் போனால், கீழ்ப்படியும் கடமையும் அதோடு முடிந்தது.

மன்னர் ஆதரவாளர்களைச் சுட்டது அந்தக் கடைசி வரிதான். தலை போன மன்னருக்குப் பதில், ஜெயித்தவர்களுக்கே அடங்கி நடக்கலாம் என்றல்லவா அர்த்தம் வருகிறது? அதிகாரம் கடவுள் தந்தது இல்லை, மனிதர்கள் உண்டாக்கியது என்றதில் திருச்சபைக்கும் கோபம். இளவரசரின் அவைக்கதவு மூடப்பட்டது. எந்த ஊரிலிருந்து ஓடினாரோ, அதே லண்டனுக்கே திரும்பினார்.

1660-ல் சார்லஸ் மன்னரானார். பழைய வாத்தியாரை மறக்கவில்லை; வருஷத்துக்கு 100 பவுண்டு உதவித்தொகை அறிவித்தார். அது ஒழுங்காக வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

1665-ல் பிளேக். 1666 செப்டம்பரில் லண்டனே எரிந்தது. கடவுளின் கோபம் என்றார்கள். யார்மேல் பழி போடுவது? அக்டோபரில் நாடாளுமன்றத்தின் கீழவை, நாத்திகப் புத்தகங்களை விசாரிக்கும் வேலையில் ‘லெவியதன்’ பெயரையும் சேர்த்தது. ஹாப்ஸுக்கு அப்போது 78 வயது. பயந்துபோய்த் தன் காகிதங்கள் சிலவற்றைத் தானே எரித்தார் என்கிறார்கள். தண்டனை எதுவும் வரவில்லை. ஆனால் உள்நாட்டுப் போரைப் பற்றி அவர் எழுதிய வரலாற்றை அச்சிட மன்னரே அனுமதி மறுத்தார். ஆள்பவர் எதை அச்சிட விடலாம், எதைத் தடுக்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமையை ‘லெவியதன்’ எழுதிக் கொடுத்தவரே இவர்தான்.

1679 டிசம்பர் 4-ல், 91 வயதில் இறந்தார். நான்கு வருஷம் கழித்து, அவர் படித்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமே அவருடைய புத்தகங்களைத் தீயில் போட்டது.