பிடில் கற்ற பாலுஸ்வாமி தீட்சிதர்



கர்நாடகக் கச்சேரி என்றால் நம் கண்ணுக்கு முன்னால் வருவது எது? நடுவில் பாடகர், ஒரு பக்கம் மிருதங்கம், இன்னொரு பக்கம் வயலின். இந்த வயலின் நம்ம ஊர் வாத்தியமே இல்லை, கப்பலேறி வந்த வெள்ளைக்காரன் வாத்தியம் என்று சொன்னால் நம்புவீர்களா? அதை முதன்முதலில் கையில் எடுத்து நம் சங்கீதத்தை வாசித்தவர் என்று போற்றப்படுபவர் பாலுஸ்வாமி தீட்சிதர்.

1786-ல் திருவாரூரில் பிறந்தார். அப்பா ராமஸ்வாமி தீட்சிதர் பெரிய சங்கீத வித்வான். மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர் இவருக்கு மூத்த அண்ணன். பாட்டும் வீணையும் நிறைந்த வீடு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு வாத்தியம் தேவையா? இருந்ததை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம்!

குடும்பம் அப்போது சென்னைக்குப் பக்கத்தில் இருந்த மணலிக்குக் குடிபெயர்ந்தது. மணலி முதலியார் ஆதரித்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசிப்பார்கள். சகோதரர்கள் அதைக் கேட்டார்கள். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரப் பாடல்கள். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுகூட அதில் உண்டு. தம்பியின் மனசோ பிடிலில் போய் நின்றுவிட்டது. முதலியார் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் பிடில் கற்றார் என்பார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வீணையில் 24 மெட்டுகள் உண்டு, விரலுக்கு இடம் காட்டும். பிடிலில் மெட்டே கிடையாது. ஒரு நூல் தள்ளி விரல் வைத்தாலும் சுருதி போச்சு! ஆனால் அதுவே வசதியும்கூட. விரலை வழுக்கிக்கொண்டே போகலாம், கமகம் குழையும். வீணையில் மீட்டிய நாதம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிடிலில் வில் ஓடுகிற வரைக்கும் நாதம் நீளும், மனுஷன் குரல் மாதிரி. பாட்டுக்குத் துணையாக வாசிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

வெள்ளைக்காரர்கள் நின்றபடி, தோளில் வைத்து வாசிப்பார்கள். நம்மவர்களோ தரையில் சம்மணமிட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறார்கள். தந்திகளையும் ச, ப, ச, ப என்று நம் சுருதிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். வாத்தியம் அவர்களுடையது, சங்கீதம் நம்முடையது!

அவர் வாழ்க்கை சுகமாகவே போய்விடவில்லை. இன்னொரு அண்ணன் சின்னஸ்வாமி மதுரையில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு திரிந்தவரை எட்டயபுரம் அரசர் அழைத்துத் தம் சமஸ்தான வித்வான் ஆக்கிக்கொண்டார். முத்துஸ்வாமி தீட்சிதரும் கடைசியில் தம்பி இருந்த எட்டயபுரத்துக்கே வந்து, 1835 தீபாவளி நாளில் அங்கேயே மறைந்தார். பாலுஸ்வாமி 1858-ல் காலமானார். அவர் தத்தெடுத்து வளர்த்த மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர்தான் 1904-ல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற மாபெரும் நூலை வெளியிட்டவர்.

நண்பர்களே, எங்க நல்லம்பள்ளிப் பக்கம் பம்பை அடிக்கிற அண்ணன் ஒருத்தர் கீபோர்டு கத்துக்கப் போறேன்னு சொன்னார். பழசும் போயிடும், புதுசும் வராதுன்னு பெரியவங்க பயமுறுத்தினாங்க. பாலுஸ்வாமிக்கு அப்படி ஆகவில்லையே! காதில் ஏறிய ராகம் எங்கேயும் போகவில்லை. கை மட்டும்தான் புதுசாகப் பழக வேண்டியிருந்தது.

நான் எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன். தமிழில் பத்தாவது முடித்து வந்த எனக்கு இங்கிலீஷ் பாடப்புத்தகம்தான் இரண்டாவது வாத்தியம். நம்மில் பலருக்கும் அப்படித்தான். தமிழில் புரிந்துகொண்ட கணக்கு இங்கிலீஷில் மாறிவிடுமா? தந்தியை நம் சுருதிக்குச் சேர்த்துக்கொள்வோம். மூன்று வருஷம் நமக்கும் இருக்கிறது!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு
நல்லம்பள்ளி